குடும்பத்தோடு சென்னையைச் சுற்றக் கிளம்புகிறீர்களா?

சென்னையில் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாதி நாளைப் போக்குவரத்தே விழுங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

1. முதலில் வார விடுமுறையைப் பாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, தட்சிணசித்ரா ஆகியவற்றுக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி.

2. அருகருகே உள்ளவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கிண்டியில் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பக்கத்துப் பக்கத்தில். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கமும் தொலைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா, அதைத் தாண்டி முதலைப் பண்ணை.

3. வண்டலூர் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் படுத்துவிடும். காலையிலேயே மின்சார ரயிலில் போய்விடுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு.

4. உச்சி வெயிலுக்கு அருங்காட்சியகம் நல்லது. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரே மூச்சில் பார்க்க முடியாது. திமிங்கில எலும்புக்கூடு, திருவாலங்காடு நடராஜர் என்று இரண்டு மூன்றைச் சொல்லி, பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

5. கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று போனதும் கேளுங்கள். அதுவரை அதே வளாகத்தில் உள்ள பெரியார் அறிவியல் மையத்தைப் பார்க்கலாம்.

6. கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லியும் போதும். தேங்காய்ச் சட்னி வேண்டாம்; கெட்டுவிடும். தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது.

7. கிளம்பும்போது பிள்ளைகளை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தவறினால் அன்றைய உடையோடு அடையாளம் காட்டலாம். சட்டைப்பையில் உங்கள் செல் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.

8. மெரினாவுக்கு வெயில் தாழ்ந்ததும் போங்கள். அலை உள்ளே இழுக்கும் கடல் அது, குளிக்க விடாதீர்கள். கால் நனைக்கும்போதும் பிள்ளையின் கையை விடக் கூடாது. காலில் ஒட்டிய மணல் போக, ஈரம் காய்ந்ததும் முகப்பவுடர் தூவித் தட்டுங்கள்.

9. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதில் மிச்சமாகும் பணம் கடற்கரையில் சுண்டலுக்கும் பஜ்ஜிக்கும் ஆகும்.