தொட்டியில் குறைவது எது?

கடல்மீன் தொட்டி ஒன்றை வீட்டில் அமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் உப்புநீர். அதில் ஒரு டாம்சல் மீன். விரல் நீளம்தான். கரிய உடல், நெற்றியில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வெண்புள்ளிகள். சில நாட்களில் நீர்மட்டம் இறங்கிவிடுகிறது. எதை ஊற்றி நிரப்புவீர்கள்? "கடல்மீனுக்குக் கடல்நீர்தானே!" என்பீர்கள். மீனுக்கு ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆவியாகிப் போனது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், உங்கள் தொட்டியில் 3,500 கிராம். நாளொன்றுக்கு 1 லிட்டர் ஆவியாகி, அந்த இடத்தைக் கடல்நீரால் நிரப்பினால், 30 நாட்களில் 1,050 கிராம் உப்பு கூடுகிறது. இப்போது லிட்டருக்கு 45.5 கிராம்! நன்னீரை ஊற்றியிருந்தால் பழைய 35 கிராமே இருந்திருக்கும்.

கூடினால் மீனுக்கு என்ன? அதன் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே சவ்வூடு பரவலால் உடலிலுள்ள நீர் செவுள்கள் வழியே ஓயாமல் வெளியே கசிகிறது. ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. உடன்வந்த உப்பைச் செவுள்களிலுள்ள தனிச் செல்கள் வெளியேற்றுகின்றன. (ஆம், கடல்மீன் தண்ணீர் குடிக்கிறது!) இதற்கு ஆற்றல் செலவாகிறது. தொட்டியில் உப்பு ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் மீன் தாங்காது.

உப்பின் அளவை அறியத் திரவமானி போதும். பாலைச் சோதிக்கும் பால்மானியின் உடன்பிறப்பு அது. நல்ல கடல்நீரில் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கும்; நாம் கணக்கிட்ட 45.5 கிராம் நீரில் 1.03-ஐத் தாண்டிவிடும். சூடான நீர் விரிவடைந்து அடர்த்தி குறைவாகக் காட்டும். எனவே வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் வெளியே நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, நாள்தோறும் அதுவரை காய்ச்சி வடித்த நீரை ஊற்றி வாருங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது.

அடுத்தது வேதியியல், சுருக்கமாகச் சொல்கிறேன். மீனின் கழிவான அம்மோனியா நஞ்சு. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். டாம்சல் உறுதியான மீன் என்று சொல்லி, அதுவரை காத்திராமல் புதுத்தொட்டியில் விடுவோர் உண்டு. தாங்குகிறது என்பதற்காக ஓர் உயிரை நஞ்சில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

டாம்சல் சண்டைக்காரனும்கூட. ஒரு கல்லைத் தன் இடமாக்கிக்கொண்டால், தன்னைவிடப் பெரிய மீனையும் துரத்தும். சாதுவான மீன்களை முதலில் விட்டுவிட்டு இதைக் கடைசியில் விடுங்கள். வாங்கும்போது, பவளப்பாறையில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்கத் தயங்காதீர்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் டாம்சல் இனங்கள் சிலவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்துகாட்டியிருக்கிறார்கள்.