மணிக்கும் ஓர் இடம்

தந்தைக்குப் பணிமாற்றம் வந்ததால் மதுரையிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று, மயூர் விகார் பகுதியில் வாடகைக்கு வீடு தேடியது. தாய், தந்தை, ஏழாம் வகுப்பு மகள் ஆகியோருடன் மணி என்னும் நாயும் வந்திருந்தது. மணி விலைகொடுத்து வாங்கிய நாயன்று. மழைநாளொன்றில் வாசலில் வந்து ஒதுங்கிய தெருநாய்க்குட்டி.

முதல் வீட்டில் எல்லாம் பேசி முடிந்தபின், நாய் உண்டு என்றதும் உரிமையாளர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த இரு வீடுகளிலும் அதே கதைதான். நான்காம் வீட்டுக்குச் செல்லும் வழியில் தரகர், "நாயைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம், குடியேறியபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வீடு முடிந்தால்தான் கூலி. தந்தை தயங்கினார். நண்பர் வீட்டில் எத்தனை நாள் தங்குவது? மணியை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அன்றிரவு மகள் உண்ணவில்லை.

தாய் விவரம் தேடினார். குடியிருப்போர் நலச் சங்கம் பெரும்பான்மை முடிவாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க இயலாது என்று, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆயினும் அது சங்கத்துக்குச் சொன்னது. வாடகைக்கு விடுபவர் தம் ஒப்பந்தத்தில் விலங்கு கூடாது என்று எழுதியிருந்தால், மறைத்துக் குடியேறியவர் பெட்டியைக் கட்ட நேரிடும்.

ஐந்தாம் வீட்டின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. பள்ளியில் கற்ற இந்தியில் மகளே முதலில் நாயைப் பற்றிச் சொன்னாள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் காட்டினாள்.

"கடிக்குமா?"

"கடிக்காது, பாட்டி. ஆனால் அழைப்பு மணி ஒலித்தால் கட்டாயம் குரைக்கும்."

தாய் மகளை முறைத்தார். மூதாட்டியோ சிரித்துவிட்டார். "திருடனுக்கும் குரைக்குமல்லவா?" என்று கேட்டார்.

மாநகராட்சியில் நாயைப் பதிவுசெய்வதாகத் தந்தை உறுதி கூறினார். படிக்கட்டைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பு மகளுடையதாயிற்று. 11 மாத ஒப்பந்தத்தில், 'ஒரு வளர்ப்பு நாய்க்கு இசைவு உண்டு' என்னும் வரி சேர்ந்தது. மணி புதுவீட்டின் ஒவ்வொரு மூலையையும் மோந்து பார்த்துவிட்டு, பால்கனியில் வெயில் விழும் இடத்தைத் தனதாக்கிக்கொண்டது.

பயிற்சி

1. தரகரின் யோசனையை ஏற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
2. பிரித்து எழுதுக: பணிமாற்றம், தடுப்பூசி, அன்றிரவு.
3. வளர்ப்பு விலங்கு ஒன்றுக்கு இசைவு வேண்டி, வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுக.