கொட்டகையில் நிற்கும் ஹெரால்டை விற்குமுன்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பேரப்பிள்ளைகள், அங்கே பார்த்த பழைய கார்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ., அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங் என்று பட்டியல் நீளுகிறது. நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவதுதான் 'மஸில் கார்' என்பதன் சூட்சுமம். அந்த ஜி.டி.ஓ.வின் இன்ஜின் ஏறத்தாழ 6.4 லிட்டர், சக்தி 325 குதிரைசக்தி. நம் அம்பாசடருக்கோ 1,489 சி.சி., சுமார் 50 குதிரைசக்தி! இதைக் கேட்டதும் தாத்தாக்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. நம்மிடமும் சொல்லச் சரக்கு இருக்கிறது.

அந்தக் கார்கள் ஏன் இங்கு வரவில்லை என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்கக் கார்கள் நமக்குப் புதியவை அல்ல. ஃபோர்டு கம்பெனி 1926-லேயே இந்தியாவில் கால் பதித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. ஆனால் 1953-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்கிப் பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம் என்றது. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. பிறகு நெடுங்காலம் சாதாரணக் குடும்பத்துக்கு மூன்றே கார்கள்தான்: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டெட்ராய்ட்டில் யாருக்கு வேகம் அதிகம் என்று போட்டி நடந்த அதே பத்தாண்டில், இங்கே யாருக்கு முதலில் அலாட்மென்ட் வரும் என்பதே போட்டி.

காத்திருந்து வாங்கியதை யார்தான் லேசில் விடுவார்கள்? அதை ஓடவைக்கத் தெரிந்த கைகளுக்கு லாலாகுடாவில் பஞ்சமில்லை. இங்குள்ள ரயில்வே ஒர்க்‌ஷாப் நிஜாம் காலத்து ரயில்வே 1893-ல் நிறுவியது. அந்த ரயில்வேதான் 1932-ல் 27 பஸ்களும் 166 ஊழியர்களுமாக ஊர்திச் சேவையையும் தொடங்கியது. அதாவது இவ்வூரில் பஸ் என்பது ரயிலுக்குப் பிறந்த பிள்ளை! (அரசு பஸ்களின் எண்ணில் வரும் 'இஸட்' எழுத்து நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகம் பெயரைக் குறிக்கிறது என்று பழைய ஐதராபாத்காரர்கள் சொல்வார்கள்.) பெட்டியின் அடிச்சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் நாள் முழுதும் பார்த்தவருக்கு ஒரு காரின் அடிவயிறு புதிராக இருக்குமா?

இனி ஹெரால்டுக்கு வருவோம். நம் மூன்று கார்களில் இதுதான் பாடம் படிக்க மிக ஏற்றது என்பது என் கருத்து. அம்பாசடர் பக்தர்கள் மன்னிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1959-ல் 'ட்ரயம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைச் செய்யத் தொடங்கியது. இன்ஜின் 948 சி.சி. அங்கே இரண்டு கதவுகளோடு வந்த காரை, கூட்டுக் குடும்பமாகப் பயணம் செய்யும் நமக்காக, பிற்பாடு நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு.

இதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். திறந்தால் இன்ஜின், ஸ்டியரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் கண்முன்னே இருக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உடம்பு தனி, அடிச்சட்டம் தனி. உடம்பும் பல பகுதிகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. 25 அடி அகலத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். குறை இல்லாமலும் இல்லை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு என்பதால், வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவில் நிதானம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது பயத்தால் அல்ல, இதனால்தான்.

பிள்ளைகளுக்கு ஹெரால்டின் வழியே சொல்லித்தர வேண்டியவை சில உண்டு. சோக் என்பது என்ன? குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஆகவே காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிறோம். சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். தக்காண வெயிலில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் டிரைவர் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் போடுவாரே, அது மந்திரமா? இல்லை. இன்ஜினை ஒட்டியுள்ள பம்பில் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழி அடைத்துக்கொள்கிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுமே தவிர ஆவியைத் தள்ளாது. குளிர்ந்தால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவே. அது கருகினால் தீப்பொறி நலிந்துவிடும். இன்றைய கார்களில் இத்தனையையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பார்ப்பது என்ன என்று தெரிந்துகொள்ளப் பழைய வண்டிதான் வழி.

ஹாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வது கவனமாகக் கற்க வேண்டியது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹாண்டில் கையை விட்டு நழுவட்டும், விரலோ மணிக்கட்டோ முறியாமல் இருக்கட்டும்.

நெடுநாள் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ரப்பர்களைப் பார்க்காமல் சக்கரத்தை உருள விடவே கூடாது.

இப்போது இதற்கெல்லாம் என்ன அவசரம் என்று கேட்கலாம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது, பிறகும் ஏறியிருக்கிறது. ஓடாத வண்டிக்கு ஏன் இந்தச் செலவு என்று பலர் கபாடிவாலாவைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எடை போட்டு இரும்பு விலையில் போய்விடுகிறது. சொல்லித்தரக்கூடிய பெரியவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

2021-ல் வந்த மத்திய அரசு விதி பலருக்குத் தெரியவில்லை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் எனவும், அது 10 ஆண்டு செல்லும் எனவும் அவ்விதி சொல்கிறது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஆபீசுக்குப் போக முடியாது. ஹெரால்டு உற்பத்தி 1971-லேயே நின்றுவிட்டதால், அநேகமாக எல்லா ஹெரால்டுகளும் இந்த வயதை எட்டிவிட்டன.

ஆனால் சட்டம், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எனவே டீசல் இன்ஜின் மாற்றிப் போட்டால் மைலேஜ் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். சாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் அதில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்று பெரியவரையும் பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். வீல் கப், விளக்கு வளையம், டாஷ்போர்டு மீட்டர் இவற்றைத் தனியே விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். பிறகு தேடினால் கிடைக்காதவை அவைதாம்.