மலைமேல் பழி, மூச்சுக்குழாயில் குற்றம்

"கொடைக்கானல் ஏறினா புல்லட் ஆயில் கக்கத்தான் செய்யும். மேல காத்தழுத்தம் கம்மி, உள்ளே இருக்கிற ஆயில் தானா வெளியே தள்ளிக்கிட்டு வரும்."

வத்தலக்குண்டில் கேட்டாயிற்று, பெருமாள்மலையில் கேட்டாயிற்று, பழனிப் பாதையிலும் கேட்டாயிற்று. இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்குகள் என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. ஆதாரம் கேட்டால், அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்புகிறதே என்கிறார்கள். உப்புகிறது, உண்மைதான். நாலு பக்கமும் ஒட்டி மூடிய பாக்கெட் அது. இன்ஜின் அப்படி மூடிய பொருளா?

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏற மணிக்கணக்கில் ஆகிறது. அவ்வளவு நேரத்தில் இன்ஜினின் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகிவிடாதா? சமமாவதற்கு வழி வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அந்த வழிக்குப் பெயர் பிரீதர். பழைய புல்லட்டில் ஆயில் கசிவு என்று யார் வந்தாலும் நான் முதலில் தொடுவது அதைத்தான்.

1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பின்பு திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்த வார்ப்பிரும்பு இன்ஜினைத்தான் சொல்கிறேன். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த 346 சிசி இடம் கிராங்க்கேஸில் சுருங்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 50 தடவை இந்த அமுக்கம் நடக்கும். அமுங்கிய காற்று வெளியேறத்தான் பிரீதர் குழாயும், அதன் நுனியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வும். பிஸ்டன் இறங்கும்போது அலகு திறந்து காற்றை வெளியே விடும். ஏறும்போது மூடிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. வால்வு நன்றாக இருந்தால் கிராங்க்கேஸுக்குள் சராசரியாக வெளியைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தமே நிலவும். அப்போது சுமாரான பேக்கிங்கூட ஆயிலை விடாது. அந்த ரப்பர் வெயிலிலும் ஆயிலிலும் கிடந்து கல்லாகிவிட்டாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெளியேற இடமில்லாத காற்று டாப்பெட் கவர், டைமிங் கவர், ஆயில் சீல் என்று கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைச் சேர்த்துத் தள்ளும்.

மலைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் பங்கு இல்லை. மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலில் விடிகாலைக் குளிர் எப்படியிருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் குளிரில் வண்டியை உதைத்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கி, இன்ஜின் சூடேறும் முன் வீட்டுக்கு வந்து நிறுத்திவிடுகிறார்கள். எரிபொருள் எரிந்து உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. பால் கலந்தாற்போல் வெளிறிய சகதியாகிப் பிரீதர் குழாயில் படிகிறது. பல மாதம் இப்படி ஓடிய வண்டி ஒருநாள் கீழே இறங்கிவிட்டு, அடிவாரத்துக் காட்ரோட்டிலிருந்து இரண்டாம் கியரில் முக்கி ஏறுகிறது. முழு த்ராட்டிலில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவும் சேர்ந்துகொள்ள, வழியில் ஊத்து என்னும் ஊர் வருவதற்குள் பூட்ஸ் நனைந்துவிடும். அடைத்தது சின்னச் சின்ன ஓட்டம். ஏற்றம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இதற்குப் போய் வருஷா வருஷம் இன்ஜினைப் பிரித்துப் பேக்கிங் மாற்றுகிறீர்களே!

குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுங்கள். வால்வின் அலகு மெத்தென்று இருக்க வேண்டும், உதடுகள் தாமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மாற்றுங்கள், மலிவான உதிரிதான். பிறகு இன்ஜினைக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடர் தூவி, ஒரு ஏற்றம் ஏறி இறங்குங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், மேலே கசிந்தது அடியில் வந்துதான் சொட்டும். எல்லாம் சுத்தமாக இருந்தும் பிரீதர் புகையாக ஊதிக்கொண்டே இருந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. அதற்குப் பேக்கிங் மருந்தல்ல.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சில வாரம் நின்ற புல்லட்டில், ஆயில் அறையிலிருந்த ஆயில் பம்பைத் தாண்டி மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, குறைகிறது என்று மேலும் ஊற்றுவார்கள். வண்டி ஓடியதும் பம்ப் பழைய ஆயிலைத் திருப்பி அனுப்ப, அளவுக்கு மிஞ்சியது பிரீதர் வழியாகக் கொட்டும். சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சற்றுப் பொறுத்து, பிறகு அளவு பாருங்கள்.

"ஆயில் சொட்டினால்தான் புல்லட், சொட்டவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை" என்பது சோம்பேறியின் பெருமை. பின்சக்கரத்தின் பிரேக் டிரம் இடப்பக்கம் இருக்கிறது, பிரைமரி சைடும் அதே பக்கம். அங்கே கசிந்தது டயரில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் சக்கரம் வழுக்கினால் பெருமை எங்கே போகும்? குளிருக்குக் கெட்டியான ஆயில் நல்லது என்பதும் தலைகீழ்; குளிரில் கெட்டி ஆயில் ராக்கருக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், 20W50 போதும். சிலிக்கான் பேஸ்டை அப்பினால் நிற்கும் என்பவர்களுக்கு: உட்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்துபோய் ஆயில் வழியை அடைக்கும். மூடி கோணியிருந்தால் கண்ணாடிப் பலகைமேல் எமரி ஷீட் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவதே வழி. பிரைமரி கவரின் ஒற்றை நட்டை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று முறுக்காதீர்கள். இறுக்க இறுக்கக் கவர்தான் வளையும். மாற்ற வேண்டியது அதன் ரப்பர் சீல்.

கசிவை நிறுத்தச் சொல்வது வண்டிக்காக மட்டுமல்ல. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. பழனி நகரம் குடிக்கும் வரதமாநதித் தண்ணீர் இதே மலையின் ஓடைகளில் பிறக்கிறது. அப்படியிருக்க, மாற்றிய கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுகிறார்கள். ஓடித் தீர்ந்த ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் தரும் சேர்மங்களும் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. 2001-இல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு கொடைக்கானலின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிவந்து ஆலையே மூடப்பட்டது. அந்த ஊருக்குமா இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

கொடைக்கானல் நகராட்சி மூஞ்சிக்கல் பகுதியில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யட்டும். அதுவரை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, உதிரி வாங்கக் கீழே இறங்கும்போது எடுத்துப் போகட்டும். உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றும்போது, பழையதை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.