தழும்பின் மேல் சிலிகோன் ஷீட் ஒட்டும் முன்...

சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் பட்ட முன்கைப் புண் மெதுவாகத்தான் ஆறியது. மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் தீப்புண் தடித்த தழும்பாக மாற வாய்ப்பு அதிகம். எனக்கும் அப்படியே ஆயிற்று. ஆறிய இடம் சிவந்து மேலெழும்பி, ரவிக்கைக் கை உரசினாலே ஊறல் எடுத்தது. தோல் மருத்துவர் சிலிகோன் ஷீட் ஒட்டச் சொன்னார். பல மாதம் விடாமல் ஒட்டியதில் மேடு தணிந்தது, ஊறல் நின்றது. தழும்பு அடியோடு மறையவில்லை. மறையும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

1980களின் தொடக்கத்திலிருந்தே தீக்காயத் தழும்புகளுக்கு இந்த ஷீட் பயன்பாட்டில் இருக்கிறது. இதில் மருந்து எதுவும் இல்லை. புதுத் தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் காப்பதே இதன் வேலை. ஈரம் தங்கினால், உள்ளே கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிச் சேர்வது குறையும் என்பது மருத்துவர்களின் விளக்கம். ஆனால் இதே மூடிய ஈரம்தான் நம் ஊர் வெயிலில் தொல்லையும் தரும். அதனால் ஒட்டுவதில் காட்டும் அக்கறையைச் சுத்தத்திலும் காட்ட வேண்டும்.

எப்போது தொடங்கலாம்?

புண் முழுதாக மூடியிருக்க வேண்டும். தையல் பிரித்து, பொருக்கு தானாக உதிர்ந்து, கசிவு துளியும் இல்லாத தோலில்தான் ஒட்டலாம். பச்சைப் புண்ணின் மேல் ஒட்டினால் உள்ளே கிருமி பெருகும். சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே தொடங்குவது நல்லது.

ஒட்டும் முறை

தழும்பைவிடச் சுற்றிலும் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். மூலைகளை வளைவாக நறுக்கினால் துணியில் மாட்டி உரியாது. தேங்காய் எண்ணெய், மஞ்சள், களிம்பு, பவுடர் எதுவும் அடியில் இருக்கக் கூடாது. ஷீட் ஒட்டாது, தோலும் புழுங்கும். நிற்கவில்லையே என்று கையைச் சுற்றிக் கட்டு இறுக்கிப் போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபடும்.

முதல் சில நாள் சில மணி நேரம் மட்டும் போதும். தோல் ஏற்றுக்கொண்டால் மெல்லக் கூட்டி, தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுவரலாம். நான் அடுப்பு வேலையும் பாத்திரமும் முடிந்த பிறகு ஒட்டி, இரவு முழுக்க வைத்திருப்பேன். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாவது வேண்டும்.

தினசரிக் கழுவல்

நாளுக்கு ஒரு முறையாவது கழற்றி, தோலையும் ஷீட்டையும் வாசனையில்லாத மென்மையான சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். ஷீட்டைத் துண்டால் துடைத்தால் பசைப்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். நீரை உதறி, பசைப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தினால் ஒட்டும் தன்மை திரும்பும். திரும்பாவிட்டாலோ ஓரம் கிழிந்தாலோ புதியதை எடுங்கள். ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வியர்க்குரு, அரிப்பு, தோல் வெளுத்து ஊறிப்போதல் தென்பட்டால் கழற்றிவிடுங்கள். சருமம் பழைய நிலைக்கு வந்ததும் குறைந்த நேரத்தில் மறுபடி தொடங்கலாம். கொப்புளம், சீழ், நாற்றம், வலி, காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பருவால் விழுந்த பள்ளத்துக்கு இந்த ஷீட் பயன்படாது. காயத்தின் எல்லை தாண்டிப் பரவும் கெலாய்டுக்கு ஷீட் மட்டும் போதாது. மார்பு, தோள், காது மடலில் கெலாய்டு அதிகம் வரும், ஊசி சிகிச்சையும் தேவைப்படலாம். ஷீட்டின் பலனுக்கு உள்ள ஆதாரம் வலுவானதல்ல என்று 2013இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆகவே அடியோடு மறைந்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பெருந்தொகை செலவிடாதீர்கள்.

தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள், கீறாதீர்கள், ஷீட்டைத் தினமும் கழுவுங்கள். மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டே தொடங்குங்கள்.