கடல்நாய்த் தீவில் தாய்களின் கணக்கு

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் நடுவில் பிரிபிலோஃப் என்னும் சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. மரங்களற்ற, மூடுபனியும் குளிர்காற்றும் ஓயாத இடம். அங்குள்ள பெரிய தீவை ரஷ்ய மாலுமிகள் 1787-இல் புனித இராயப்பர், சின்னப்பர் திருநாளையொட்டிக் கண்டார்கள். அதனால்தான் அது இன்றும் சின்னப்பர் பெயரால் செயின்ட் பால் தீவு என வழங்குகிறது. இத்தீவின் பாறைக் கரைகளுக்குக் கோடைதோறும் லட்சக்கணக்கில் விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள்தாம் உரோமக் கடல்நாய்கள்.

சாதாரணக் கடல்நாய்க்குக் காதுமடல் கிடையாது, இதற்கு உண்டு. பின்துடுப்புகளை முன்பக்கம் திருப்பிக்கொண்டு நிலத்தில் நடக்கவும் செய்யும். இதன் உரோமம் மிக அடர்த்தியானது. குளிர்நீர் தோலைத் தொடவே முடியாது. அந்த அழகிய உரோமமே இதற்குப் பகையாயிற்று.

முதலில் ஆண்கள் வருகின்றன. ஓர் ஆண் 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அது கரையில் ஓரிடத்தைப் பிடித்து, வாரக்கணக்கில் உண்ணாமல் காவல் காக்கும். ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் பெண்கள் வந்து சேர்கின்றன. இவற்றின் எடை 40, 50 கிலோதான். கரையேறிய ஓரிரு நாட்களில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கறுப்புக் குட்டியை ஈனும். ஏறத்தாழ ஒரு வாரம் பாலூட்டும். அதற்குள் அடுத்த ஆண்டிற்கான கருவையும் தரித்துவிடும். வியப்பு என்னவென்றால், அந்தக் கரு உடனே வளர்வதில்லை. கருப்பையில் ஒட்டாமல் சுமார் நான்கு மாதம் காத்திருந்து, நவம்பர் வாக்கில்தான் வளரத் தொடங்கும். கையில் ஒரு பிள்ளையும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாகத் தாய் ஒரே நேரத்தில் வாடிப்போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு தாய் கடலுக்குப் போகிறது. மீனும் கணவாயும் தேடிப் பல நாட்கள் திரிந்து, திரும்பி வந்து ஓரிரு நாட்கள் பாலூட்டி, மறுபடியும் கிளம்புகிறது. இப்படியே நான்கு மாதம். அதுவரை குட்டி பட்டினியாகக் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குட்டிகள் கத்தும் கரையில் தாய் எப்படித் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது? குரலாலும் மணத்தாலும்தான். செயின்ட் பால் தீவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2000-இல் வெளியாயிற்று. நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் தாயும் பிள்ளையும் ஒன்றன் குரலை மற்றொன்று அறிந்துகொண்டனவாம்.

தாய்களில் பல எப்போதும் கடலில் இருப்பதால் அவற்றை எண்ணுவது இயலாது. ஆகவே அறிவியலார் குட்டிகளை எண்ணுகிறார்கள். ஆகஸ்டில் குட்டிகள் பலவற்றின் உச்சந்தலை முடியைக் கத்தரித்து விடுகிறார்கள். சில நாட்கள் கழித்து வந்து, கூட்டத்தில் எத்தனைக்கு எத்தனை கத்தரித்தவை என்று பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 1,000 குட்டிகளுக்குக் கத்தரித்தோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பார்த்த 200-இல் 20 மட்டும் கத்தரித்தவை என்றால், பத்தில் ஒன்று. ஆகவே மொத்தம் 10,000 குட்டிகள். நமது விகிதக் கணக்கு எங்கே போய் உதவுகிறது, பாருங்கள்! வயதை அறியவும் வழி உண்டு. மரத்தில் வளையம் இருப்பது போல இவற்றின் பல்லில் ஆண்டுக்கொரு வரி விழும் என்பதை 1950-இல் விக்டர் ஷெஃபர் என்ற அறிஞர் விளக்கினார்.

இனி இக்கட்டுரையின் முக்கியமான செய்திக்கு வருகிறேன். உரோமத்திற்காக இவ்விலங்குகள் நூற்றாண்டுக்கு மேல் கொல்லப்பட்டன. அதிலும் கொடியது நடுக்கடல் வேட்டை. கடலில் சுடப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரை தேடிச் சென்ற தாய்கள். கரையில் அவற்றின் குட்டிகள் பசியால் மடிந்தன. 1911-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய நாடுகள் உடன்படிக்கை செய்து இதை நிறுத்தின. அதன்பின் தீவில் இளம் ஆண்களை மட்டுமே கொன்றார்கள். ஆயினும் இனம் பெருகியது! 1950-களில் சுமார் 20 லட்சத்தை எட்டியது.

இது எப்படி என்று கேட்கலாம். 50 ஆணும் 50 பெண்ணும் உள்ள ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 40 ஆண்களை எடுத்துவிட்டாலும், மீதி 10 ஆண்கள் 50 பெண்களுக்குப் போதும்; குட்டிகள் குறையா. மாறாக 40 பெண்களை எடுத்துவிட்டால் மறு ஆண்டு 10 குட்டிகளுக்கு மேல் பிறக்க வழியில்லை.

அப்படியிருந்தும் 1956-இல் பெண்களையும் கொல்லத் தொடங்கினார்கள். கரையில் நெரிசல் மிகுந்து குட்டிகள் ஏராளமாய்ச் சாகின்றன, தாய்களைக் கொஞ்சம் குறைத்தால் எஞ்சியவை நன்றாக உண்டு அதிகக் குட்டிகளைப் பிழைக்க வைக்கும், தோலும் கூடுதலாய்க் கிடைக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1968 வரை சுமார் 3,00,000 பெண் கடல்நாய்கள் கொல்லப்பட்டன. குட்டிகளின் எண்ணிக்கையோ இறங்கியது. எதிர்பார்த்த பெருக்கம் வரவேயில்லை.

கணக்கு எங்கே பொய்த்தது? ஒரு பெண் ஐந்து வயதை ஒட்டித்தான் முதல் குட்டியை ஈனும். எட்டு முதல் பதின்மூன்று வயது வரை அதன் சிறந்த காலம். ஒரு தாய் வாழ்நாளில் எட்டுக் குட்டிகள் ஈன்றது என்போம். பாதி ஆண், ஆகவே மகள்கள் நான்கு. அவற்றில் மூன்று வளருமுன் இறந்தால் மிஞ்சுவது ஒன்று. தாய்க்கு ஒரு மகள்; இனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தத் தாயை நான்காம் குட்டியோடு கொன்றுவிட்டால்? பாதி மகள்தான் மிச்சம்! மேலும் பிறவாத மகள்களுக்குப் பிறக்க வேண்டிய பேத்திகளும் இல்லை. ஆகவேதான் கொலை நின்ற பிறகும் அதன் விளைவு பல ஆண்டுகள் தொடர்ந்தது. தோலுக்காக ஒரு தாயை ஒரு கணத்தில் அடித்து வீழ்த்தலாம். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு தாய் வளர்ந்து வர ஐந்து ஆண்டுகள் வேண்டும்.

செயின்ட் பால் தீவில் வணிகத்திற்காகக் கொல்வது 1984-இல் முடிவுற்றது. அத்தீவுகளின் பழங்குடியினர் மட்டும் தங்கள் உணவுக்காகச் சிறிதளவு பிடிக்கிறார்கள். எனினும் இனம் மீளவில்லை. இன்று அங்கே ஆண்டுக்குப் பிறக்கும் குட்டிகள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இதற்கு 1956-இன் கணக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இவை உண்ணும் மீனையே பெரிய கப்பல்களும் பிடிக்கின்றன. அறுந்த வலைகள் கழுத்தில் சிக்குகின்றன. கொலைத் திமிங்கிலங்களும் உண்டு.

தெற்கே அலூஷியன் தீவுகளில் போகோஸ்லோஃப் என்றொரு சின்னஞ்சிறு எரிமலைத் தீவு உள்ளது. 1980-இல் அங்கே முதன்முதலாகச் சில குட்டிகள் காணப்பட்டன. அருகிலேயே ஆழ்கடலும் நல்ல இரையும் இருப்பதால் தாய்கள் விரைவில் திரும்பி வருகின்றன. குட்டிகளும் கொழுகொழுவென்று வளர்கின்றன. 2016 டிசம்பர் முதல் 2017 ஆகஸ்ட் வரை அந்த எரிமலை பலமுறை வெடித்துத் தீவின் உருவத்தையே மாற்றியது. அந்தக் கோடையிலும் தாய்கள் அங்கே வந்து சாம்பல் மண்ணில் குட்டி ஈன்றன.