ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் பிறக்கும் வழி

நம் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஊராட்சியின் குடியும் ஆவார். நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க்கடன் ஆகியவற்றைச் சங்கத்தின் பேரவையிலே பேசித் தீர்க்கிறோம். குடிநீர், தெருவிளக்கு, வடிகால், சுடுகாட்டுப் பாதை ஆகியவை ஊராட்சி மன்றத்திலே முடிவாகின்றன. சங்கக் கணக்கில் ஒரு காசு பிசகினும் எழுந்து நின்று கேள்வி கேட்கும் அன்பர்களுள் பலர், ஊராட்சி அலுவலகத்தின் வாயிலில் மட்டும் ஒதுங்கி நிற்கக் காண்கிறோம். அங்கே முடிவு எவ்வாறு உருவாகிறது என்பது விளங்காமையே இதற்குப் பெரும் காரணம். ஆதலின் பெரியகுளம் வட்டத்தில் வராக நதியை அடுத்துள்ள ஜெயமங்கலம் போன்றதோர் ஊராட்சியைக் கண்முன் நிறுத்தி, அவ்வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மாநிலத்துக்கு அமைச்சரவை இருப்பது போல ஊருக்கும் ஓர் அமைச்சரவை உண்டோ எனச் சிலர் வினவுவர். உலகில் சில இடங்களில் உண்டு. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பெரும்பாலான மன்றங்களில் இத்தகைய அவையைப் புகுத்திற்று. தலைவர் உள்ளிட்ட பத்துப் பேருக்கு மேற்படாத அவை துறைகளைப் பங்கிட்டுக்கொண்டு முடிவு செய்யும். ஏனைய உறுப்பினர்கள் ஆய்வுக் குழுவில் அமர்ந்து அம்முடிவுகளைத் துருவி ஆராய்வர். ஆனால் பெரும்பான்மை உறுப்பினர்களின் குரல் இதனால் மங்கிவிட்டது என்ற குறை எழுந்தது. ஷெஃபீல்டு நகர மக்கள் 2021-இல் வாக்களித்துப் பழைய குழு முறைக்கே திரும்பினர். நம் நாட்டில் கல்கத்தா மாநகராட்சிக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டம் மேயரும் துறைப் பொறுப்பாளர்களும் கூடிய ஆட்சிக் குழுவை வகுத்தது. நம் கிராம ஊராட்சியில் இவ்வகை அவை ஏதும் இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி முடிவு செய்வது முழு மன்றம். அதனை நிறைவேற்றும் அதிகாரி ஊராட்சித் தலைவர்.

குழுக்கள் நமக்குப் புதியவை அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குழு பிரித்து வேலை நடத்தியதைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே ஆள் எடுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் வரலாகாது என்பது அங்கு விதி. இதனைப் பெருமையுடன் சொல்லும்போதே, அச்சபை நிலமுடைய அந்தணர்களின் சபை என்பதையும், பெண்களுக்கும் உழைப்பாளி மக்களுக்கும் அங்கு இடமில்லை என்பதையும் மறைத்தல் தகாது. இன்றைய சட்டம் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்குகிறது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

கூட்டுறவு அறிந்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். கிராம சபை என்பது சங்கத்தின் பேரவையை ஒத்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். ஊராட்சி மன்றம் நிர்வாகக் குழுவை ஒத்தது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சங்கத்தில் நிர்வாகக் குழுவே தன்னுள் ஒருவரைத் தலைவராக்குகிறது. ஊராட்சியிலோ தலைவரை ஊர் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை மட்டுமே வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே உறுப்பினர்கள் கை தூக்கித் தலைவரை இறக்கிவிட இயலாது. அந்நடவடிக்கை ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியர் வழியாகவே நடைபெற வேண்டும். மறுபுறம், தலைவர் எவ்வளவு வாக்குகளால் வென்றவராயினும், மன்றத்தின் தீர்மானம் இன்றி ஊராட்சிப் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடியாது. இருவரும் ஒருவரையொருவர் நம்பியே வண்டியை ஓட்ட வேண்டும். நம்பிக்கை குலைந்த ஊர்களில் தெருவிளக்கு மாதக்கணக்கில் எரிவதில்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஊரில் நெசவாளர் தெரு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வடிகால் இல்லாமையால் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் தெருவிலே தேங்குகின்றன. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் நீர் ஊறினால் அவ்வாரக் கூலி போயிற்று. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடவும் வழியில்லை. அதே ஊரின் வடபுறத்தில் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுதாகிவிட்டது; பெண்கள் குடத்துடன் வயல் கிணற்றுக்கு நடக்கிறார்கள். இரண்டும் நியாயமானவை. கையிலுள்ள பணமோ ஒன்றுக்குத்தான் போதும். எதனை முதலில் எடுப்பது?

சட்டம் இரண்டையும் கட்டாயக் கடமையாகவே வைத்துள்ளது. ஊர்ச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, பொதுக் கழிப்பிடம், இடுகாடு, குடிநீர்க் கிணறுகள், குளங்கள் ஆகியவை ஊராட்சி செய்தே தீரவேண்டிய பணிகள். மரம் நடுதல், சந்தை, படிப்பகம், விளையாட்டிடம் முதலியன வசதிப்படி செய்யத்தக்கவை. கட்டாயக் கடமைகள் இரண்டு மோதும்போது சட்டப் புத்தகம் வாய் திறவாது. மன்றம்தான் திறக்க வேண்டும்.

முதற்படி மனு. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது மனுவாகாது. எழுதிக் கொடுத்து, நாளிட்ட ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம். பின்னர் ஊராட்சி ஒன்றியத்தின் பொறியியல் அலுவலர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார். நான் கவனித்த அளவில், பெரும்பாலான முடிவுகள் உண்மையில் இந்நிலையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. மன்றக் கூட்டத்தில் கை தூக்கும் நேரம் சில நிமிடங்களே. எந்த வேலைக்கு மதிப்பீடு தயாராயிற்று, எது கூட்டப் பொருளில் ஏறிற்று என்பதே பெரிது. மதிப்பீடு இல்லாத வடிகாலும், மதிப்பீட்டுடன் வந்த மோட்டாரும் ஒரே கூட்டத்துக்கு வந்தால் எது வெல்லும் என்று சொல்லவும் வேண்டுமோ? கூட்ட நாளன்று கூட்டமாகச் சென்று முழங்குவதைவிட, முன்னரே வார்டு உறுப்பினரிடம் மதிப்பீடு போடச் சொல்லி வற்புறுத்துவது பயன் தரும். கூட்டப் பொருள் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. அப்போதே அதனைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதனை அறியாமலே பல சண்டைகள் நடக்கின்றன. ஊராட்சிக்குப் பொதுவாக மூன்று வங்கிக் கணக்குகள். முதலாவது பொது நிதி; வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழுப் பங்கு ஆகியவை இதில் சேரும். இரண்டாவது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் ஒதுக்கிய பணம். மூன்றாவது அரசுத் திட்டங்களுக்கு வந்தது. இரண்டாம் கணக்கில் எவ்வளவு பணம் கிடந்தாலும் அதனை எடுத்து வடிகால் கட்டுதல் ஆகாது. மத்திய நிதிக்குழு மானியத்துக்கும் கட்டு உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊரக மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே எனப் பிரித்து வைத்தது. எஞ்சிய நாற்பது பங்கிலேதான் மன்றத்துக்குக் கை சற்று வீசும் இடம் இருந்தது. ஆகவே “பாங்கியில் பணம் இருக்கிறதே, ஏன் செய்யவில்லை?” என்று கேட்பதைவிட, “எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்பவருக்கே மன்றம் பதில் சொல்லியாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மோட்டார் குடிநீர்ப் பணி. வடிகால் சுகாதாரப் பணி. இரண்டும் வெவ்வேறு பங்கிலிருந்து நடைபெற வழியுண்டா என்று கணக்கைப் பிரித்துப் பார்த்தால், சில வேளைகளில் இரு தெருவாரும் சண்டையிடவே தேவையிராது.

மன்றத்தில் வேலைக்கு உதவியாக நியமனம், வளர்ச்சி, வேளாண்மையும் நீர்வளமும், பணிகள், கல்வி என்ற ஐந்து குழுக்கள் உண்டு. ஏட்டளவில் மட்டும் இக்குழுக்களை வைத்திருக்கும் ஊர்கள் பல. பணிகள் குழு நேரில் சென்று தெருவைப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்குமாயின், மன்றத்தில் பேச்சுச் சுருங்கும்.

பொருளை விவாதித்தபின் பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேறுகிறது. அது நடவடிக்கைப் புத்தகத்தில், நம் பெரியோர் சொல்லும் மினிட் புத்தகத்தில், பதிவாகிறது. இங்கு ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் செல்லல் இயலாது. தீர்மானம் எழுதுமுன்னரே உறுப்பினர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பிறகு இடைவெளியை நிரப்பும் பழக்கம் சில ஊர்களில் வேரூன்றியுள்ளது. எழுதாத தாளில் கையொப்பமிடும் வார்டு உறுப்பினர் தம் தெருவையே எழுதிக் கொடுத்தவர் ஆகிறார். சட்ட வரம்பை மீறிய தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் முறையாகப் பதிவான தவறான முடிவை மாற்ற மேலிடம் அவ்வளவு எளிதில் முன்வராது.

தீர்மானம் நிறைவேறியபின் ஒப்பந்தம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கு வழி வகுக்கிறது. வேலை முடிந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே பணம் வழங்கலாம். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஒருவர் கையை மற்றொருவர் கவனிக்கவே இவ்வேற்பாடு. இருவரும் பகைகொண்ட ஊரில் இதுவே முட்டுக்கட்டையாகவும் மாறி, துப்புரவுப் பணியாளரின் சம்பளம் கூட நின்றுபோவதுண்டு.

வேளாண் உறுப்பினர்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கண்மாய்க் கரையை உயர்த்துங்கள், மடையைப் பழுதுபாருங்கள் என்று கிராம ஊராட்சியிடம் கேட்டுப் பயனில்லாத இடங்கள் உண்டு. நாற்பது எக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள பாசனக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. ஊருணியும் குடிநீர்க் குளமும் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை. வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தென்னையும் வைத்திருப்போர் மனுவை எங்கே கொடுப்பது என்பதை முதலில் தெளிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

இவை அனைத்துக்கும் மேலாகக் கிராம சபை. ஊர்த் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஒப்புவதும், கணக்குத் தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும், வேலைகளின் முன்னேற்றத்தை ஆராய்வதும் அதன் உரிமை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் ஐம்பது பேரும், மூவாயிரம் வரை நூறு பேரும், பத்தாயிரம் வரை இருநூறு பேரும், அதற்கு மேல் முந்நூறு பேரும் இருந்தாலன்றிக் கூட்டம் செல்லாது என 2006-ஆம் ஆண்டு அரசாணை வகுத்தது. எண்ணிக்கை நிறைவது கையொப்பத்தால். காரியம் நிறைவது பேச்சால். காலையில் கையெழுத்திட்டுவிட்டுத் தறிக்கோ தோட்டத்துக்கோ திரும்பிவிடும் நம்மவர்களாலேயே பல சபைகள் ஆளில்லாமல் தீர்மானம் நிறைவேற்றுகின்றன.

மன்றமே இல்லாத காலங்களும் வந்ததுண்டு. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் நீதிமன்ற வழக்கால் தள்ளிப்போயிற்று. தேனி மாவட்டம் உட்பட இருபத்தேழு மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அம்மன்றங்களின் காலமும் 2025 சனவரி 5-ஆம் நாள் முடிவுற்று, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தனி அலுவலர் காலத்தில் மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஓர் அரசு அலுவலரின் கையொப்பத்தில் அடங்குகிறது. அவர் திறமையானவராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் அவருக்கு நெசவாளர் தெருவின் தறிக்குழியில் நீர் ஊறுவது தானாகத் தெரியாது. வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டும் வழியும் அப்போது அடைபட்டுவிடுகிறது. கிராம சபை மட்டும் அப்போதும் கூட்டப்பட்டாக வேண்டும். மனுவைப் பதிவு செய்யவும், மூன்று கணக்குகளின் இருப்பைக் கேட்கவும் உறுப்பினர்களுக்கு எஞ்சி நிற்கும் இடம் அதுவே. தீர்மான நகலும் மதிப்பீட்டு நகலும் வேண்டுவோர் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும்.